காற்றின் கண்

ஜன்னலுக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கிற பெயருக்குக் காற்றின் கண் என்று அர்த்தம் என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னவன் என் மகன் நயினார்தான். அப்போது பாளையங்கோட்டையில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஆடிக்காற்று இதே மாதிரி வீட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நான் இதே அடுப்படியில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்து, "எம்மா, விண்டோன்னா என்ன சொல்லு பாப்போம்" என்றான். "ஜன்னல். எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதாக்கும்" என்றேன். "அது இப்பம்மா. அந்த வார்த்தை பொறக்கும்போது காத்தோட கண்ணு. அந்தக் குளிர் தேசத்துல அப்போ கண்ணாடி ஏது? சுவத்துல ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா காத்து வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கும்." காற்று எட்டிப் பார்க்கும் என்று அவன் சொன்னதும், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பதைப் போல நான் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. "நம்மாளு காலதர்னு சொல்லி வச்சிருந்தான், காத்து வார வழின்னு. அத விட்டுட்டு, போர்ச்சுக்கல்காரன் கப்பல்ல கொண்டாந்த ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டோம். சாவி, அலமாரி எல்லாம் அவன் குடுத்த பேருதான். இந்த வீட்ல உனக்குன்னு என்னம்மா இருக்கு?" "இந்தா, பூரிக்கட்டை இருக்கு, கேக்கியா?" என்று ஓங்கினேன். அவன் சிரித்தான். "அப்படியே நில்லு. லேடின்னா ஆதியில என்ன அர்த்தம் தெரியுமா? மாவு பிசையுதவ. லார்டுன்னா ரொட்டிக்குக் காவல் இருக்கவன். பட்டு கவுன் போட்டவள்ளாம் பெறகு வந்தவ. கையெல்லாம் மாவோட நிக்கியே, நீதான் அசல் லேடி." கையெல்லாம் மாவு. இப்போதும் கையெல்லாம் மாவுதான். மத்தியானத்துக்கு அவனுக்குச் சப்பாத்தியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும், சோற்றுப் பருக்கை புரை ஏறுகிறது. அடுப்படியிலிருந்து பார்த்தால் அவன் நாற்காலி தெரியும், அவன் தலை தெரியும், தலைக்கு மேலே அந்த ஜன்னல் தெரியும். தூசி வருகிறது என்று மருமகள் மாரிச்செல்வி அதைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறாள். வெளியே காற்று அந்தப் பலகையை முட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே அவன் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. மாவு பிசைகிற சத்தம் மட்டும்தான் இந்த வீட்டில் இப்போது பேச்சு.

இந்த வருஷம் ஆனி மாசம், பள்ளிக்கூடம் திறந்த புதுசு. எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தவன் போர்டில் பாதி வார்த்தை எழுதினபடி அப்படியே சரிந்தான் என்றார்கள். என்ன வார்த்தை, எவ்வளவு எழுதியிருந்தான் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும், அந்த மிச்சப் பாதி எங்கேயோ அவனுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றுதான் தோன்றுகிறது, அதை எடுத்துவிட்டால் பின்னால் வரிசையில் நிற்பதெல்லாம் தடதடவென்று வந்துவிடும் என்று தோன்றுகிறது. டாக்டர் ஸ்ட்ரோக் என்றார். எனக்கு அந்த வார்த்தை தெரியும். அதுதான் கொடுமை. மற்ற தாய்மார்களுக்கு அது வெறும் வியாதியின் பெயர், எனக்கு அதன் குடும்பமே தெரியும். முன்னொரு நாள் எங்கள் வீட்டுப் பூனை இவன் மடியில் படுத்திருந்தது, இவன் அதன் முதுகைத் தடவிக்கொண்டே, "எம்மா, இதுவும் ஸ்ட்ரோக்தான், அடிக்கதும் ஸ்ட்ரோக்தான். கடியாரம் மணி அடிச்சாலும் ஸ்ட்ரோக், நீச்சலடிக்கவன் கையை வீசினாலும் ஸ்ட்ரோக். பக்கவாதத்துக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? அந்தக் காலத்துல கடவுள் கையால அடிச்ச அடின்னு சொல்லுவாங்களாம்" என்றான். பூனை கண்ணை மூடிக் கிடந்தது. அந்த நீளமான ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் பூனைதான் ஞாபகம் வந்தது. செந்தூரா, அடித்தாயா, தடவினாயா, கை எப்படி விழுந்தது என்று கேட்டேன். தடவ வந்த கை கனத்துவிட்டதா? ஊமையாய்ப் பிறந்த பிள்ளைக்கே உன் வாசலில் பேச்சு வந்ததாமே. உன்னிடம் கொட்டிக் கிடக்கிற பேச்சில் என் பிள்ளைக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? அவன் வீட்டுக்கு வந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். திருச்செந்தூரில் கடலில் முங்கி எழுந்து ஈரச் சேலையோடு சண்முகர் முன்னால் நின்று, என் பிள்ளை என்னை எம்மா என்று கூப்பிடுகிற வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன், என் பேச்சை எடுத்துக்கொள், அவன் பேச்சைக் கொடு என்று சொன்னேன். அதுதான் நான் கடைசியாகப் பேசினது. பன்னீர் இலையில் மடித்துக் கொடுத்த விபூதியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ்ஸில் கண்டக்டரிடம் கையால் ஜாடை காட்டி டிக்கெட் வாங்கினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து எழுந்திருந்து உட்கார இடம் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. எதையோ கொடுத்துவிட்டோம், இனி வாங்கிக்கொள்ளலாம் என்ற நிம்மதி. காலையில் குளித்துவிட்டு அந்த விபூதியில் ஒரு சிட்டிகை எடுத்து அவன் நாக்கில் தொட்டு வைப்பேன். அவன் சப்புக்கொட்டுவான். என் முகத்தைப் பார்ப்பான். என்னமோ கேட்கிற மாதிரிப் பார்ப்பான். நான் மனசுக்குள் சஷ்டி சொல்லிக்கொண்டே நகர்ந்துவிடுவேன். இன்று காலை வரைக்கும் நான் யோசித்ததில்லை, அவன் என்ன கேட்டிருப்பான் என்று. இப்போதும் தெரியாது, ஆனால் பயமாக இருக்கிறது.

இன்று காலை அந்தப் பெண் வந்தாள். ஜெனிட்டா என்று பேர், நாகர்கோவில்காரி, பேச்சு வராதவர்களுக்குப் பேச்சுப் பழக்குகிற படிப்பு படித்தவள். கொஞ்சம் வயசுதான். அவன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாவியைக் காட்டினாள், சீப்பைக் காட்டினாள், தம்ளரைக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் அவன், "அது" என்றான். அவனிடம் மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வார்த்தைதான். பசித்தால் அது, ஒன்றுக்கு வந்தால் அது, மாரியைக் கூப்பிட அது, அழுகை வந்தால் அது அது அது. இங்கிலீஷில் ரன் என்கிற வார்த்தைக்குத்தான் ரொம்ப அர்த்தம் என்று ஒருதரம் சொன்னான், மனுஷன் ஓடினாலும் ரன், ஆறு ஓடினாலும் ரன், கடை நடத்தினாலும், மூக்கு ஒழுகினாலும், தேர்தலில் நின்றாலும் ரன், பெரிய அகராதியில் பக்கம் பக்கமாகப் போகும் என்று. "ஒத்த வார்த்தைக்கு இம்புட்டு வேலையா? பாவம்லா அது" என்றேன் நான். அதைப் பள்ளிக்கூடத்தில் போய், எங்க அம்மா வார்த்தைக்கே இரக்கப்படுவா என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறான். இப்போது இவனுடைய அது படுகிற பாட்டுக்கு யார் இரக்கப்படுகிறது? அந்தப் பெண் சீப்பை மடியில் வைத்துவிட்டு, "பகல்ல சார் கூட யாரு இருப்பாங்க?" என்றாள். மாரி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "நான் ஜவுளிக்கடைக்குப் போயிட்டு வர பொழுதடைஞ்சிரும். அத்தைதான் இருப்பாக" என்றாள். "நல்லதாப் போச்சு. அம்மா, நீங்கதான் இப்ப முக்கியம்" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். நான் கும்பிட்டேன். அவள் ஏதோ கேட்டாள், நான் தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டாள், மறுபடி ஆட்டினேன். அவள் குரலைத் தாழ்த்தி மாரியிடம், "இவங்களுக்கும் பேச்சு வராதா?" என்றாள். மாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "நல்லா வரும் மேடம். ஊருக்கே கேக்கும். இவுக பேசுத வரைக்கும் தானும் பேச மாட்டேன்னு சாமிக்கு நேர்ந்திருக்காக." அந்தப் பெண் என்னையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "அப்ப ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள். வையவில்லை. வைதிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்க சாமியக் கொற சொல்லல கேட்டியளா. எங்க அம்மையும் வெள்ளிக்கிழமைன்னா பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. ஆனா சாருக்கு நீங்க பேசணும். நல்லாப் பழகின குரல் நாள் முழுக்கக் காதுல விழணும். டி.வி. போதாது, அது பதிலுக்குக் காத்திருக்காது. சின்னச் சின்ன வேலை சொல்லுங்க, சொல்லிட்டுப் பொறுத்திருங்க, நீங்களே எழுந்திருச்சு செஞ்சிராதீங்க. இந்த ஆரம்ப மாசங்கள்ல வாரதுதாம்மா அதிகமா வரும். பெறகு கஷ்டம்." அவன் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிகிறது, பேசுவது பாதிக்குமேல் புரிகிறது என்று அவள்தான் சொன்னாள். அப்படியென்றால் இத்தனை நாள், நாக்கில் விபூதியை வைத்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டு நகர்ந்துபோன அம்மாவைப் பற்றி அவன் என்ன நினைத்திருப்பான்? தன்மேல் கோபம், அதனால்தான் பேசவில்லை என்றா? இல்லை, அம்மாவுக்கும் தன்னை மாதிரியே ஆகிவிட்டது என்றா? மாரி போய்விட்டாள். அந்தப் பெண்ணும் ஸ்கூட்டியில் போய்விட்டாள். சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர்.

மாவு கையில் காய்ந்து இழுக்கிறது. இப்போது பேசிவிட்டால் என்ன? எய்யா என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தால் போதும். திறக்க வரவில்லை. சாமிக்குச் சொன்னதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இவனுடைய அப்பா பஸ் டிரைவர். தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டி நடந்து வாரேன் என்று செந்தூருக்கு நேர்ந்திருந்தார், டூட்டி டூட்டி என்று தள்ளிப்போட்டார், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார், பங்குனியில் போய்விட்டார். நெஞ்சுவலிக்கும் அதற்கும் என்னம்மா சம்பந்தம் என்று நயினார் என்னிடம் சத்தம் போட்டான், சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், எனக்கு என்ன தெரியும், ஆனால் இருந்தால்? இருந்தால் என்கிற அந்தச் சந்துக்குள்தான் என் மனசு போய்ப் போய் மாட்டுகிறது. பேசினால் சாமி அவனை முழுசாக எடுத்துக்கொள்ளுமா? பேசாவிட்டால் அவன் பேச்சு அப்படியே காய்ந்துபோகுமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் என் வாயில்தான் வந்து நிற்கிறது. ஓசூரில் இருக்கிற மகள் கோமதி நேர்த்தியைக் கேள்விப்பட்ட அன்றைக்குப் போனில், "அவன் பேச்சைப் பிடுங்கினவருக்கு நீ உன் பேச்சையும் கொண்டு குடுத்துட்டு வந்தியாக்கும். நல்ல யாவாரம்மா" என்றாள். சாமியைப் பற்றி அப்படிப் பேசாதே என்று சொல்ல வாய் துடித்தது, இருமினேன். அதைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து போன் பண்ணினால், "எம்மா, கேக்கியா? ஒரு இருமல்னா சாப்ட்டாச்சு, ரெண்டுன்னா இல்ல. எங்க இருமு" என்பாள். நான் ஒரு இருமல் இருமுவேன். சாப்பிட்டிருக்க மாட்டேன். பொய் இருமல் இருமுவது நேர்த்திக்குப் பங்கமா என்று அதற்கும் ஒரு கவலை. கோமதியின் பிள்ளை பிறந்து இந்த வீட்டில் தொட்டிலில் கிடக்கும்போது மாமன்காரன் இவன் குனிந்து பார்த்துக்கொண்டு, "இன்ஃபன்ட்னு சொல்லுதோமே, லத்தீன்ல அதுக்கு அர்த்தம் பேச மாட்டாததுன்னுதான். குழந்தைக்கு வேற அடையாளமே கிடையாது அவங்களுக்கு. பேச்சு வராட்டா குழந்தை, வந்தா மனுஷன்" என்றான். அன்றைக்கு, நல்லாச் சொன்னான்யா என்று சிரித்தோம். இன்றைக்கு அவனைக் குளிப்பாட்டித் துவட்டும்போது அந்த வார்த்தை வந்து என் கையைப் பிடிக்கிறது. உயரமான, மீசை வைத்த, தலையில் நரை கண்ட என் குழந்தை. ஆனால் தொட்டிலில் கிடந்ததிடம் எல்லோரும் பேசினோமே. பதில் வராது என்று தெரிந்தே பேசினோமே. என் செல்லமே, என் கட்டித்தங்கமே, பால் வேணுமா, காக்கா பாரு, மழை பாரு. வாய் ஓயாமல் பேசினோம். பேசிப் பேசித்தானே அது பேசியது. நயினாரிடமும் நான் அப்படித்தானே பேசியிருப்பேன். அவன் பிறந்த வருஷமும் பேசாமல் இருந்து நேர்ந்துகொண்டிருந்தால் அவனுக்கு எம்மா என்கிற வார்த்தை எங்கிருந்து வந்திருக்கும்? இதை நினைக்க எனக்கு இவ்வளவு நாள் ஆனது. செந்தூரா, நான் கொண்டுவந்து கொடுத்தபோது நீயாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

"அது." கூடத்திலிருந்து சத்தம். மாவுக் கையோடு ஓடினேன். விளங்குகிற இடது கையை ஜன்னல் இருக்கிற பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் எல்லாம்தான் இருக்கிறது, காலண்டர், ஃபேன் சுவிட்ச், தண்ணீர்ச் செம்பு, அவனுடைய புத்தக அலமாரி, சாத்தின ஜன்னல். தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். "அது" என்று தள்ளினான். ஃபேனைக் கூட்டி வைத்தேன். தலையை உதறினான். அகராதியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து மடியில் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் கோணிப்போனது, ஏன் எடுத்தேனோ, அந்தக் கனத்தை அவன் மடியில் ஏன் வைத்தேனோ. "அது, அது." தண்ணியா, காத்தா, ஒண்ணுக்கா என்று வரிசையாகக் கேட்டிருந்தால் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டியிருப்பான். அந்தப் பெண் அப்படித்தான் கேட்டாள், அவனும் ஆட்டினான். கேட்க எனக்கு வாய் இருக்கிறது, திறக்க மாட்டேன். அவனுக்குத் திறக்க மனசு இருக்கிறது, வாய் இல்லை. அவன் தம்ளரைத் தட்டிவிட்டான். அது உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. குனிந்து துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வழி தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. பூப்போட்டுப் பார்ப்போம். எங்கள் வீட்டில் கல்யாணம் பேசினாலும் பூமி வாங்கினாலும் சாமியிடம் அப்படிக் கேட்காமல் செய்ததில்லை. கொல்லையில் போய் நந்தியாவட்டை ஒன்று, செம்பருத்தி ஒன்று பறித்தேன். பேப்பரைக் கிழித்துத் தனித்தனியாக மடித்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடினேன். வெள்ளை வந்தால் பேசு என்று நீ சொல்கிறாய், சிவப்பு வந்தால் பேசாதே என்கிறாய். வெள்ளை கொடு. வேறொன்றும் கேட்கமாட்டேன், வெள்ளை கொடு. பொட்டலத்தை மாற்றி மாற்றி வைத்தேன், எது எது என்று எனக்கே தெரியாதபடி. எடுக்க ஒரு கை வேண்டும், வீட்டில் இருக்கிற வேறு கை அவனுடையதுதான். இரண்டு உள்ளங்கையிலும் வைத்து அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் என் உள்ளங்கையைப் பார்த்தான். விரலிடுக்கில் காய்ந்திருந்த மாவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு இடது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்து, பல்லால் பிரித்தான். செம்பருத்தி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சரி. கேட்டேன், முருகன் சொல்லிவிட்டான். பேசாதே என்கிறான். இனி அழக்கூடச் சத்தம் வராமல்தான் அழ வேண்டும். அவன் அந்தப் பூவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். காம்பைத் திருப்பினான். உதடு இரண்டும் குவிந்தது. நான் பார்த்தேன், உதடு குவிந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி குவித்தான். "அ" என்றான். தலையை அசைத்து அதை அழித்தான். போர்டில் தப்பாக எழுதினதை டஸ்டரால் துடைக்கிற மாதிரி அழித்துவிட்டு மறுபடி குவித்தான். நெற்றி வேர்த்தது. பூ என்பது ஓரெழுத்து. உலகத்தில் இருக்கிற வார்த்தைக்கெல்லாம் ஊர் கேட்டு, தாய் தகப்பன் கேட்டு வைத்திருந்த பிள்ளை, அந்த ஓரெழுத்தின் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறான், உள்ளே இருந்து யாரும் திறக்கவில்லை. கடைசியில் அவன் பூவை என் பக்கம் நீட்டினான். கொடுக்கிறதற்கு இல்லை. கேட்கிறதற்கு. இது என்ன, சொல்லு என்று கேட்கிறதற்கு. எம்மா விண்டோன்னா என்ன சொல்லு பாப்போம் என்று கேட்ட அதே முகம், புருவம் ஒரு பக்கம் தூக்கின அதே முகம், பாதி முகத்தில் மட்டும். "அது?" என்றான்.

செந்தூரா, நீ சிவப்புக் கொடுத்தாய், பார்த்தேன், எனக்குக் கண் தெரியும். உன்னிடம் மாற்றிப் பேச நான் யார். ஆனால் அவன் கேட்கிறான். என் பிள்ளை என்னிடம் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்தது கிடையாது, தெரியாததற்குக்கூடத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கிறேன். குற்றத்துக்கு என்னை எடுத்துக்கொள். என் கண்ணை எடு, காலை எடு, நான் உன் சந்நிதியில் வந்து விழுந்து கேட்டுக்கொள்கிறேன், கோபத்தை என்னோடு வைத்துக்கொள், அவனிடம் காட்டாதே. இவ்வளவுதான் என் வேண்டுதல், இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். தொண்டையில் இத்தனை நாள் பாசி பிடித்துக் கிடந்தது என்னவோ கிழிந்தது. என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. "பூ" என்றேன். "செம்பருத்திப் பூ, எய்யா." அவன் கண் அசையாமல் என் வாயிலேயே நின்றது. வெளியே காற்று பலகையை முட்டியது. மேலே தாழ்ப்பாள் கிணுகிணுத்தது. எழுந்திருக்கப் போனேன், அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது, எழுந்திருக்கவில்லை. அவனுக்கு இடது கை இருக்கிறது, எட்டும். சிதறின பேப்பருக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தபடியே, அவன் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன்:

"எய்யா, நயினாரே, காத்து வரட்டும். அந்த ஜன்னலைக் கொஞ்சம் தெறந்து விடுதியா?"